கேட்சரின் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜப்பானிய பிட்சர் (பந்து வீசுபவர்) ரோக்கி சசாக்கியின் ‘பெர்ஃபெக்ட் கேம்’ (பேட்டர் ஓடிச் சேரும் இடமான பேஸுக்கு எதிரணியில் ஒருவரைக்கூட விடாத ஆட்டம்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். பேஸ்பாலைத் தமிழில் இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. ஆனால், அன்று பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பந்துகளைப் பிடித்த கேட்சர் கோ மத்சுகாவாவின் பெயர் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. கல்லூரி நாட்களில் விக்கெட் கீப்பராக நின்றவன் நான். அதனாலோ என்னவோ, மனசு கேட்கவில்லை.

2022 ஏப்ரல் 10 அன்று சிபா நகரின் கடலோர மைதானத்தில் சசாக்கி வீசியது 105 பந்துகள். எதிரணியான ஓரிக்ஸில் 27 முறை ஆள் வந்து நின்றும் ஒருவர்கூட முதல் பேஸுக்குப் போகவில்லை. 19 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் அடிக்கத் தவறும் பந்து ஸ்ட்ரைக்; மூன்றானால் அவுட்), அதில் 13 அடுத்தடுத்து. அதுவரை தொடர் ஸ்ட்ரைக் அவுட் சாதனை ஜப்பானில் 9தான், அமெரிக்க மேஜர் லீக்கில் 10தான். முந்தைய இரண்டு ஆண்டுகளும் பேட்டிங் பட்டம் வென்ற மசாத்தக்கா யோஷிதா லேசில் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறவர் இல்லை. அன்று அவரே மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினார். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கிறது, சரி.

விட்டுப்போன விஷயம் ஒரு விதி. மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் சுத்தமாகப் பிடிக்காமல் விட்டால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போது பேட்டர் அங்கே ஓடலாம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் பெர்ஃபெக்ட் கேம் அதோடு போச்சு. யாரையுமே பேஸ் ஏறவிடாத ஆட்டத்தில் முதல் பேஸ் எப்போதும் காலிதானே! ஆக, அந்த 19 ஸ்ட்ரைக் அவுட்டில் ஒவ்வொன்றிலும் பந்து கேட்சரைத் தாண்டிப் போய்விடும் ஆபத்து இருந்தது.

அதுவும் எப்படிப்பட்ட பந்து! 160 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வருவது ஒன்று. அடுத்தது அதே மாதிரி கிளம்பி, பேட்டரிடம் வந்ததும் தொப்பென்று இறங்கும் ஃபோர்க் பால். பல நேரம் அது மண்ணிலேயே விழும். பேட்டர் மட்டையை வீசும் அந்த நொடியில் பந்து கண்ணிலிருந்து மறையும். கையுறை தவறினால் நெஞ்சைக் கொடுத்தாவது தடுக்க வேண்டும். கீப்பராக நின்றவர்களுக்கு அந்த வலி தெரியும். ஆட்டத்தின் பதிவை இரண்டாம் முறை பார்த்தபோது நான் மத்சுகாவாவின் முழங்காலையும் கையுறையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அப்போது வயது 18. பள்ளி முடித்துத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த முதல் ஆண்டு. இருபது வயது சசாக்கிக்கு எந்தப் பந்து என்று விரலால் சைகை காட்டியவர் அவர். அப்புறம், ஆறாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஓர் அடியில் மூவரையும் ஹோம் பேஸுக்குச் சேர்த்து மூன்று ரன் எடுத்துக் கொடுத்தவரும் அவரே. 6-0 என்ற வெற்றியில் பாதி அந்த ஓர் அடி.

இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 24 அன்று ஒசாகாவில் மறுபடியும் ஓரிக்ஸோடு ஆட்டம். தன் முடிவுக்கு முகம் சுளித்ததாக நினைத்து நடுவர் கோபமாக சசாக்கியை நோக்கி நடந்தார். நடுவில் போய் நின்று நடுவரைச் சமாதானப்படுத்தியது அதே மத்சுகாவாதான்.

இனி அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், தஞ்சாவூர்