வரன் தேடும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மகனுக்கோ மகளுக்கோ வரன் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

"ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் இம்மடலை எழுதுகிறேன். குடிக்கும் பையன், எந்த வேலையிலும் நிலைக்காத பையன், கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசி எறியும் பையன், யாரோடும் பேசாமல் அறைக்குள் அடைந்து கிடக்கும் பெண் என எல்லாருக்கும் நாம் எழுதித் தரும் மருந்துச்சீட்டு ஒன்றாகவே இருக்கிறது. மருந்தாக வந்து சேர்பவரும் யாரோ பெற்று வளர்த்த பிள்ளைதான்.

திருமணத் தகவல் மையங்களில் நிரப்பிக் கொடுக்கும் குறிப்பில் நட்சத்திரம், லக்னம், உயரம், மாதச் சம்பளம், சொந்த வீடு எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. தினம் முதல் ரஜ்ஜு, வேதை வரை பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். அதில் எனக்குத் தகராறு இல்லை. தவறு செய்தால் மன்னிப்புக் கேட்பாரா, தாய் சொல்வதிலும் மனைவி சொல்வதிலும் எது நியாயம் என்று தானே எடைபோடுவாரா, தன் கடன் எவ்வளவு என்று அவருக்கே தெரியுமா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஓஎம்ஆர் அலுவலகம் ஒன்றில் கைநிறையச் சம்பாதிக்கும் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டுவதிலிருந்து வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வது வரை எல்லாவற்றையும் தாமே செய்துகொடுத்துவிட்டு, பெண் வீட்டுக் கூடத்தில் சொஜ்ஜி பஜ்ஜித் தட்டோடு உட்கார்ந்து, "எங்கள் பையனுக்கு ஒன்றுமே தெரியாது, பாவம்" என்று தாயார் பூரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெண் வீட்டார் அதை நற்சான்றாகவே எடுத்துக்கொண்டார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று வாய்திறந்து சொல்லிப் பழகாத மகளை "அடக்கமானவள்" என்று நாம் மெச்சுவதும் இதே கணக்குத்தான்.

இவற்றைவிடக் கொடுமை, மனநோயை மறைத்து மணமுடிப்பது. மனநோய்க்குத் திருமணம் சிகிச்சையல்ல. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், மனச்சிதைவு நோயாளிகளுக்காக மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பும் உள்ள ஊரில் அதற்கு மருத்துவம் தேடிப் போக வழியில்லாமல் இல்லை. நோயுற்றவர் மணம் புரியவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிகிச்சையில் நிலைபெற்று, உள்ளதை உள்ளபடி சொல்லி மணம் புரியட்டும். முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதத்தை, திருமணத்தையே ரத்து செய்யக் கோருவதற்கான காரணமாக இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஏற்கிறது.

வழக்கு என்று வந்தபின், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம். அங்கே ஆலோசகர் முன் பேசப்படும் பணம், கோபம், மாமியார் விவகாரங்களில் பெரும்பாலானவை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டியவை. கத்தோலிக்கத் திருச்சபையில் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முன் தயாரிப்பு வகுப்பு உண்டு. மற்றவர்களும் அப்படியொன்றை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

அதுவரை உங்களிடம் கேட்பது இவ்வளவே. ஜாதகத்தைக் கையில் எடுக்குமுன், பிள்ளை தன் சமையலையும் செலவையும் தனிமையையும் தானே சமாளித்துச் சில மாதங்களாவது தனியே வாழட்டும். பெண்ணும் பையனும் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் பலமுறை பேசட்டும். அதன் பிறகும் "நான் இன்னும் தயாராகவில்லை" என்று மகனோ மகளோ சொன்னால், ஆவணிக்கு மண்டபம் பிடித்தாயிற்று என்று வாயடைக்காமல், கொடுத்த முன்பணம் போனாலும் போகட்டும் என்று முகூர்த்தத்தைத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
மயிலாப்பூர்வாசி ஒருவர்