மாம்பழ டப்பாவில் 102 எப்படி வந்தது?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் புகார் எண் வந்தது, பதில் வரவில்லை.

என் மகனுக்கு ஆறு வயது, ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அதிகத் துறுதுறுப்பும்) இருக்கிறது. காலையில் மாத்திரை போட்டால் மதியம் பசியே எடுக்காது, டிபன் பாக்ஸில் வைத்த இரண்டு இட்லியும் காய்ந்துபோய் அப்படியே திரும்பி வரும். சாயங்காலம் உங்கள் மாம்பழ பவுடர் போட்டுத் தரும் பால்தான் அவன் வயிற்றில் உருப்படியாக இறங்குவது. 'செயற்கை நிறம் இல்லை' என்று முன்பக்கம் போட்டிருந்ததை நம்பி எட்டு மாதமாக வாங்கினேன். போன மாத டப்பாவில் பால் மஞ்சள் கரைத்த மாதிரி வந்தது. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் ஐஎன்எஸ் 102, 110. இரண்டும் செயற்கை மஞ்சள் நிறங்களின் எண்கள். முன்பக்கம் அதே வாசகம்!

போன் செய்தால் நாலு பேர் மாற்றி மாற்றி விட்டார்கள், கடைசியில் பேசிய பெண், "பையன் அடங்கலைன்னா வளர்ப்பைப் பாருங்க மேடம், பவுடரைச் சொல்லாதீங்க" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. நிறத்தால்தான் இந்தக் குறைபாடு வந்தது என்று நான் சொன்னேனா? சில பிள்ளைகளுக்குத் துறுதுறுப்பு கூடலாம், தவிர்த்துப் பாருங்கள் என்றுதான் டாக்டரும் சொன்னார். 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மூன்று வயது, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் சோதித்த நிறங்களில் இந்த இரண்டும் உண்டு. 2010-லிருந்து ஐரோப்பாவில் இவை சேர்த்தால் குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும். பவுடர் விற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

டப்பாவை நேரில் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். கத்திரி வெயிலில் வேளச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி அம்பத்தூர் வந்தேன், பையனையும் கூட்டிக்கொண்டு. வாசலில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்து, "சார் மீட்டிங்ல இருக்கார், மெயில் போடுங்க" என்று அனுப்பினார்கள். அவன் அந்த கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தான், செக்யூரிட்டி அதட்டினார். எட்டு மாதப் பாடு ஒரே டப்பாவில் நாசமாகிவிட்டது.

தயவுசெய்து எந்த பேட்ச்சிலிருந்து நிறம் சேர்த்தீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். பணத்தையும் திருப்பித் தாருங்கள். அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏழு நாள் பார்ப்பேன். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். மீதி பவுடரோடு டப்பாவை டேப் ஒட்டி பீரோவில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா