தலைவலி வந்தால் அணில்குட்டியை யாரிடம் கொடுப்பது?

வனவிலங்கு மீட்பு மையப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. வீட்டில் பராமரிக்கும் குட்டிகளை இன்னொருவரிடம் கைமாற்றக் கூடாது, மையத்தில் ஒப்படைப்பதானால் மாலை 5 மணிக்குள் நேரில் கொண்டுவர வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். மைக்ரேன் உள்ள தன்னார்வலர்கள் புயல் நாளில் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "தலைவலிதானே, ஒரு மாத்திரை போட்டுக்கிட்டுப் பாருங்க" என்று தொலைபேசியில் பதில் வந்தது. அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல்.

விதியின் காரணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டுயிர் எவர் கையில் இருக்கிறது என்பது பதிவில் இருக்க வேண்டும். கைமாறிக் கைமாறிப் போனால் கடைசியில் யாராவது கழுத்தில் மணி கட்டிச் செல்லமாக்கிவிடுவார்கள். ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் கேட்பது பதிவோடு கூடிய கைமாற்றம்தான். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உள்ள நாட்களில் பகுதிக்கு ஒரு மாற்றுப் பராமரிப்பாளரை நீங்களே நியமியுங்கள். இரவிலும் அவரிடம் குட்டியை ஒப்படைக்க அனுமதி கொடுங்கள்.

புயல் நாளை மட்டும் ஏன் பிரித்துக் கேட்கிறோம் என்றால், குட்டி விழுவதும் தலை வெடிப்பதும் ஒரே நாளில் நடக்கின்றன. சென்னையில் சாதாரண நாளிலேயே காற்றழுத்தம் இரண்டு முறை ஏறி இறங்கும். 3, 4 மில்லிபார்தான் வித்தியாசம். புயல் பக்கத்தில் வரும்போது பத்துக்கும் மேல் இறங்கிவிடுகிறது. அழுத்தம் இறங்கினால் எல்லோருக்கும் மைக்ரேன் வரும் என்று சொல்ல மாட்டோம். ஆய்வு முடிவுகளும் இதில் ஒன்றுபோல் இல்லை. ஆனால் அழுத்தத்தோடு மின்னல் வெட்டு, புழுக்கம், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் புகை, தூக்கமின்மை, வேளை தவறிய சாப்பாடு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. கடைசி இரண்டும் குட்டி வளர்ப்பவருக்கு எந்த நாளிலும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகருக்குள் வந்தபோது மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்பது உங்களுக்கே தெரியும். மரம் சாய்ந்தால் கூடும் சாயும்.

"குட்டியை மரத்தடியிலேயே விடுங்கள், தாய் வந்து தூக்கிப்போகும்" என்று நீங்கள் சொல்வது வெயில் நாளுக்கு மிகச் சரி. அட்டைப்பெட்டியில் துணி விரித்து, பூனை எட்டாத உயரத்தில் கட்டிவைத்தால் பகல் பொழுதுக்குள் தாய் அணில் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். அடைமழையில் தாய் வெளியே வராது. நனைந்த குட்டியின் உடல் சூடு அதற்குள் இறங்கிவிடும்.

இனி, அந்த ஒரு மாத்திரைப் பதிலுக்கு வருவோம்.

கண் திறக்காத அணில்பிள்ளைக்கு முதலில் சூடு, அடுத்து நீர், அதற்கப்புறம்தான் பால். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது. வயிறு உப்பிச் சாகும். மேல்துணி சுற்றிய வெந்நீர்ப் பையைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும், சூடு கூடினால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும். பிறகு வெதுவெதுப்பான ஓ.ஆர்.எஸ். சில சொட்டு. அதன் பின் நாய்க்குட்டிக்கான பால்மாவுக் கரைசல். மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. ஒரு வேளைக்கு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 20 கிராம் குட்டிக்கு 1 மி.லி. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவி மூத்திரம் போகவைக்க வேண்டும். அது தானாகப் போகாது.

இவ்வளவும் செய்ய வேண்டியவரின் கண்ணுக்கு அப்போது என்ன ஆகிறது தெரியுமா? வலி வரும் முன்பே சிலருக்குப் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மினுங்கத் தொடங்கும். அது பல்பல்லான ஒளிக்கோடாக விரிந்து ஒரு பக்கத்தையே மறைத்துவிடும். ஐந்து நிமிடத்திலும் விலகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். சிலருக்கு விரல் நுனி மரத்து, அந்த மரப்பு கையேறி உதடு வரை போகும். 1 மி.லி. சிரிஞ்சில் 100 கோடு இருக்கிறது. பாதிக் கோடு தெரியாத கண்ணோடு, மரத்த விரலால் அதைத் தள்ள வேண்டும். ஒரு சொட்டு வேகமாகப் போனால் பால் மூச்சுக்குழாயில் இறங்கும். மூக்கில் குமிழி வந்த நொடியிலேயே தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, துடைத்து, மூச்சு சீராகும் வரை நிறுத்தியாக வேண்டும். அந்தக் குமிழியைக் கண்ணால் பார்த்தால்தானே நிறுத்த முடியும்? தவறவிட்டால் மறுநாள் மூச்சில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அதோடு முடிந்தது.

எங்களால் ஆன உபாயங்களைச் செய்யாமல் கேட்கவில்லை. எச்சரிக்கை வந்ததும் பால்மாவை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து வைக்கிறோம். மின்சாரம் போனால் குளிர்பெட்டியில் கரைத்து வைத்த பால் கெட்டுவிடும், ஃபிளாஸ்க் வெந்நீரில் அப்போதைக்கப்போது கலக்கலாம். சிரிஞ்சின் தண்டில், அளவுக்கு மேல் பின்னால் இழுக்க முடியாதபடி நூல் கட்டுகிறோம். கண் பொய் சொன்னாலும் கை நிற்கும். குட்டியை மல்லாத்தாமல் நிமிர்த்திப் பிடிக்கிறோம். வெள்ளை டார்ச்சைப் பச்சைத் தாளால் மூடுகிறோம். மைக்ரேன் கண்ணைப் பச்சை வெளிச்சம்தான் குறைவாகக் குத்துகிறது. கற்பூரமும் மெந்தாலும் உள்ள தைலத்தைத் தொடுவதில்லை, அதே கையால் குட்டியை எடுக்க முடியாதே. நெற்றிக்கு ஐஸ், பெட்டிக்கு வெந்நீர். ராத்திரி முழுக்க இரண்டையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

மாத்திரையின் கதை இதைவிடக் கேவலம். மைக்ரேனுக்கான சுமாட்ரிப்டான் மாத்திரை, வலி தொடங்கியதும் போட்டால்தான் நன்றாகக் கேட்கும். மைக்ரேனில் வயிறு மந்தமாகிவிடுவதால் வாயால் போட்டது தாமதமாகவே ஏறும். வாந்தி எடுத்தால் அதுவும் போயிற்று. இதயநோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் ஆளைத் தூக்கத்தில் தள்ளும். தூங்கினால் ஒரு வேளைப் பால் போச்சு. சுமாட்ரிப்டான் வகை மருந்தை மாதத்தில் பத்து நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் நிலை வரலாம். பருவமழையோ அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஒரு தாக்குதல் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். 72 மணி நேரத்தில் எத்தனை வேளைப் பால் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் படிவத்தில் குட்டியின் எடை, வெப்பநிலை, மலத்தின் நிறம் வரைக்கும் கட்டம் இருக்கிறது. பராமரிப்பவர் எழுந்து நிற்கிற நிலையில் இருக்கிறாரா என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. வருடக் கடைசியில் மட்டும் "தன்னலமற்ற சேவை" என்று சான்றிதழ் தருகிறீர்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு. அந்தச் சட்டத்தின் விலைக்கு நல்ல வெந்நீர்ப் பை இரண்டு வாங்கலாம். சொல்லப்போனால், மழைக்கு முன் கிளை கழிக்கிறோம் என்று அக்டோபரில் ரம்பத்தோடு வருகிறவர்களாவது ஏறுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தால், எங்களிடம் வரும் குட்டிகளில் ஒரு பகுதி வராமலே போகும். மரம் வெட்டுகிறவர் ஒரு துறை, குட்டி வாங்குகிறவர் இன்னொரு துறை, நடுவில் விழுவது மட்டும் அணில்.

மன்னியுங்கள், பேச்சு வேறெங்கோ போய்விட்டது. கோரிக்கை ஒன்றுதான்: எச்சரிக்கை நாட்களில் பகுதிக்கு ஒரு மாற்றுப் பராமரிப்பாளர், இரவுக் கைமாற்றத்துக்கு அனுமதி. வேலை அதிகம் என்று நினைக்க வேண்டாம். கைமாற்றும்போது குட்டியின் படம், எடை, கடைசியாகப் பால் கொடுத்த நேரம், அளவு, கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர் என ஆறு விவரத்தை உங்கள் எண்ணுக்குச் செய்தியாக அனுப்பிவிடுகிறோம். சட்டம் கேட்கும் பதிவு அதிலேயே வந்துவிடுகிறது. மாற்று ஆளாக நிற்கச் சம்மதிப்பவர்களின் பட்டியலை, மைக்ரேன் இல்லாதவர்களாகப் பார்த்து, பகுதிவாரியாக நாங்களே எழுதித் தருகிறோம். அதில் யார் தகுதியானவர் என்று சரிபார்த்துக் கையெழுத்திடுவது மட்டும் உங்கள் வேலை.

வங்கக் கடலில் அடுத்த தாழ்வுப் பகுதி உருவாகும் முன் அந்தக் கையெழுத்து கிடைத்தால் நன்றி. மாலை 5 மணிக்குள் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மைக்ரேன் உள்ள தன்னார்வலர்கள்,
சென்னை