சேர்ந்திசைக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குழுவின் பாடகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஊர்மக்கள் கூடிப் பாடும் குழு என்ற அமைப்பு எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்பதைத் தொகுத்து ஒரு கையேடு தயாரிக்கும்படி சென்ற பொதுக்குழு பணித்திருந்தது. அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. நிகழ்ச்சிகள், பயிற்சி நாட்கள் பற்றிய விவரங்கள் இணைப்பில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கையேட்டைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன். புதிதாகச் சேர வருபவர்களுக்குக் குரல் தேர்வு வைக்கலாமா என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் இருக்கிறது. அதற்கான விடை இந்த வரலாற்றில் இருப்பதாகச் செயற்குழு நம்புகிறது.

இன்று நாம் அறிந்த வடிவில் இருந்த முதல் குழுக்களில் ஒன்று பெர்லினில் 1791ல் கார்ல் ஃபாஷ் தொடங்கிய ஸிங் அகாடமி. அரண்மனைச் சம்பளமோ தேவாலயப் பதவியோ இல்லாத ஆண்களும் பெண்களும் வாரந்தோறும் கூடி, பல பகுதிகளாகப் பிரிந்து பாடினார்கள். பாடுவதில் இருந்த ஆசை ஒன்றுதான் அவர்களைச் சேர்த்தது. ஜெர்மானிய இசைமேதை பாக் 1750ல் இறந்த பிறகு, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய மத்தேயு பேஷன் என்ற இசைப் படைப்பைப் பாடுவார் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. 1829 மார்ச்சில் இருபது வயது இசையமைப்பாளர் மெண்டல்ஸன் அதை மறுபடி மேடையேற்றியபோது பாடியது இந்தக் குழுதான். உலகம் இன்று தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரு படைப்பை மீட்டுக் கொடுத்தவர்கள் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தவர்கள்.

ஆனால் பெர்லின் குழுவில் பாட ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டும். அதைக் கற்க ஆசிரியரும் பணமும் ஓய்வும் வேண்டும். இந்தத் தடையை உடைத்தவர்களை எங்கள் கையேடு விரிவாகவே பேசுகிறது. இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை, கோடுகளையே விட்டுவிட்டு எழுத்துகளால் பாடக் கற்றுக்கொடுத்தார். தன் முறையை 1835ல் நூலாகவும் வெளியிட்டார். பாமர மக்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர எளிய வழி ஒன்றைத் தேடும் பொறுப்பு 1841ல் ஜான் கர்வன் என்ற பாதிரியாரிடம் வந்தது. குளோவரின் முறையை எடுத்து, மாற்றி, செம்மைப்படுத்தி அவர் பரப்பியதுதான் டானிக் சோல்ஃபா. டோ, ரே, மீ என்ற மேற்கத்திய ஸ்வரப் பெயர்களின் முதல் எழுத்துகள்தான் ஸ்வரங்கள். காலப்பிரமாணத்துக்கு முக்காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும். எந்தச் சிறு அச்சகத்திலும் சாதாரண எழுத்துக் கோத்தே முழுப் பாட்டையும் அச்சிட்டுவிடலாம்.

நமக்கு இது எளிதில் விளங்கும். ஆதார சட்ஜத்தை, அதாவது 'ச'வை, எங்கே நிறுத்தினாலும் அதற்கு மேல் வருவது ரி க ம தானே. டோவும் அப்படித்தான் இடம் மாறும். இந்த ஒரு வசதி எத்தனை தூரம் போயிற்று என்று பார்த்தபோது எங்களுக்கே மலைப்பாக இருந்தது. வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் தொழிலாளர் குடும்பங்கள் இதைக் கற்றுப் பாடின. அங்கிருந்து கிளம்பிய பெருங்குழு ஒன்று 1872லும் 1873லும் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் போட்டியில் கோப்பையை வென்றது. அதை நடத்திய கரடாக், தொழில் பழகியது கொல்லுப்பட்டறையில். தென்னாப்பிரிக்காவில் பள்ளி ஆசிரியர் எனோக் சொன்டோங்கா தம் மாணவர்களுக்காக 1897ல் இயற்றிய பாடலும் சோல்ஃபாவில்தான் எழுதப்பட்டது. இன்று அது அந்த நாட்டின் தேசிய கீதத்தில் ஒரு பகுதி.

நம் மொழிக்கு வருவோம். தமிழில் சேர்ந்திசை என்றால் எம்.பி. சீனிவாசனைச் சொல்லாமல் நகர முடியாது. திரைப்பட இசையமைப்பாளராக, குறிப்பாக மலையாளத்தில், பெயர் பெற்றவர். 1970களில் அவர் வளர்த்தெடுத்த மெட்ராஸ் யூத் கொயர், பாரதியின் வரிகளைப் பல குரல் பகுதிகளாகப் பிரித்துப் பாடியது. இதில் உள்ள சிக்கல் மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; பெண்கள் பொதுவாக ஐந்து கட்டையில் பாடுவார்கள், ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டி. எல்லோரையும் ஒரே சுருதியில் நிறுத்தினால் ஒரு பக்கம் உச்சத்தில் கத்த வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் தரை தட்ட வேண்டும். பஜனை கோஷ்டியில் நாம் இதைப் பொறுத்துக்கொள்கிறோம். குரலுக்கு ஏற்ற ஸ்வர வரிசையை ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக அமைத்துவிட்டால் யாரும் திணற வேண்டாம். ஒரே மெட்டின் ராகச் சாயல் கெடாமல் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். அதைத் தேர்ந்த கலைஞர்களை வைத்து அல்ல, ஆர்வத்தோடு வந்த இளைஞர்களை வைத்துச் செய்து காட்டியவர் அவர். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். நம் பாடல் தொகுப்பின் அமைப்பு அவர் போட்ட பாதையில்தான் போகிறது என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

எஸ்தோனியாவைப் பற்றிய அத்தியாயம் நீண்டுவிட்டது. அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. 1869ல் தார்த்து நகரில் அவர்களுடைய முதல் பாட்டுத் திருவிழா நடந்தபோது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தார்கள். ஆண்கள் குழுக்கள் மட்டுமே பாடின. ஆனால் பாடிய வரிகளில் சில லிதியா கொய்துலா என்ற இளம்பெண் எழுதியவை. அவருடைய ஒரு கவிதைக்குக் குஸ்தாவ் எர்னெசக்ஸ் புது மெட்டுப் போட்டார். 1947 விழாவில் பாடினார்கள். பிறகு சோவியத் அதிகாரிகள் அதை விலக்கி வைத்தார்கள். 1960 விழாவில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்தப் பாட்டைப் பாடகர்கள் தாங்களாகவே எடுத்துப் பாடினார்கள். பெருந்திரளான குரல்களில் யாரைப் பிடித்து நிறுத்துவது? 1980களின் இறுதியில் அந்த மக்கள் பாடிக்கொண்டே விடுதலைக் கோரிக்கையை எழுப்பினார்கள். 1991ல் சுதந்திரம் மீண்டது. அந்தத் திடலில் நின்றவர்களில் எத்தனை பேர் குரல் தேர்வில் தேறியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

2020ஐயும் கையேட்டில் விடவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு குழுவின் ஒரே மாலைப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேர் கொரோனாவால் பாதிக்கப்பட்டதாகக் கணிக்கப்பட்டது, இருவர் இறந்தனர். கூடிப் பாடுவதே ஆபத்து என்று உலகமெங்கும் குழுக்கள் வாயடைத்துப்போன காலம் அது. காணொளியில் ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து பாடவும் முடியாது. திரும்பிக் கூடியபோது எல்லாக் குழுக்களும் வேண்டியது ஆட்களைத்தான்.

இனி தீர்மானம். குரல் தேர்வு வேண்டும் என்பவர்களின் கவலை நியாயமானது. பக்கத்தில் ஒருவர் சுருதி விலகினால் நல்ல குரலும் சேர்ந்து இழுபடும். பாடுபவர்களுக்கே அந்த அவஸ்தை தெரியும். ஆனால் அதற்கு மருந்து வாசலை அடைப்பதில் இல்லை. கர்வன் முறையிலும் தேர்வு உண்டு, படிப்படியான சான்றிதழ் உண்டு. அது கற்ற பிறகு. ஆகவே செயற்குழு முன்வைப்பது இதுதான். சேர வருபவரின் குரல் எல்லையை மட்டும் பார்த்து எந்தப் பகுதியில் நிறுத்துவது என்று முடிவு செய்வோம். முதல் பருவம் முழுதும் அவர் இரண்டு பழகிய குரல்களுக்கு நடுவில் நிற்பார். ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வைகளில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காமல் மாற்றி மாற்றி வாங்கும் பழக்கத்தை அவருக்குச் சொல்லித்தர ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் பொறுப்பேற்பார். மேடைக்கு எப்போது ஏற்றுவது என்பதைப் பயிற்றுநர் தீர்மானிப்பார்.

ஆவணங்கள் பற்றி ஒரு வேண்டுகோள். பழைய பாட்டு நோட்டுகளைப் பிரித்தபோது, அச்சிட்ட தாளில் இல்லாத பாடம் ஓரங்களில் கிடைத்தது: 'இங்கே மூச்சு வேண்டாம்', 'ஆண்கள் இறங்காதீர்கள்', ஒரு காந்தார ஸ்வரத்தை ('க') சுற்றிப் பென்சிலால் மூன்று வட்டம். அந்த வரியில் குழு எங்கே தடுமாறியது, எப்படிச் சரி செய்தது என்பதெல்லாம் அந்த வட்டங்களில் இருக்கிறது. கேசட்டுகளில் சில பூஞ்சை பிடித்துவிட்டன; ஓடக்கூடியவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலை நடக்கிறது. வீட்டில் பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் அழித்து எழுதாமல், அட்டை போடாமல், உள்ளது உள்ளபடியே ஆவணப் பொறுப்பாளரிடம் தாருங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.

கையேட்டின் வரைவு மேசையில் வைக்கப்பட்டுள்ளது. திருத்தங்களை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். உறுப்பினர் சேர்க்கை குறித்த தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்