'ஐ வில் ட்ரை' என்றால் சம்மதமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

திண்டுக்கல்லில் 11 வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மறுப்பு சொல்லும் விதம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

'ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா' என்று மேலாளர் கேட்கிறார், உங்களால் முடியாது, பதில் சொல்லுங்கள் என்று வகுப்பில் ஒரு பயிற்சி வைப்பேன். பையன்களில் பலர் 'நோ சார், ஐ ஹேவ் வொர்க்' என்று பட்டென்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளில் பலர் முதலில் இரண்டு சாரி, அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பஸ் கிடையாது, அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று காரணத்துக்கு மேல் காரணம் அடுக்கி, கடைசியில் 'ஐ வில் ட்ரை சார்' என்று முடிப்பார்கள். 'நோ' வாயில் வரவே வராது. எல்லாரும் இப்படி இல்லை, ஆனால் ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன்.

நம் ஊரில் 'பார்க்கிறேன்' என்றாலே வரமாட்டார் என்று புரிந்துவிடும். ஆங்கிலத்தில் கேட்கும் வெளியூர் மேலாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். என் பழைய மாணவி ஒருத்தி நைட் ஷிப்ட் வேண்டாம் என்பதை இப்படித்தான் சொல்லியிருக்கிறாள், பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, பிறகு மறுத்ததற்கு முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று திட்டு. அவள் சொல்லத்தான் செய்தாள், தமிழ் முறையில்.

பையன்களுக்கும் சிக்கல் உண்டு. 'முடியாதுங்க' என்பதில் அந்த 'ங்க' பாதி வேலையைப் பார்த்துவிடும். ஆங்கிலத்தில் 'ங்க' கிடையாதே, வெறும் 'நோ' மிஞ்சி, மரியாதை தெரியாதவன் என்று பெயர் வாங்குகிறான்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1990-இல் லெஸ்லி பீபி, தோமோகோ தகாஹாஷி, ராபின் யூலிஸ்-வெல்ட்ஸ் என்ற மொழி ஆய்வாளர்கள் மூவரும் ஜப்பானியர் 40 பேர், அமெரிக்கர் 20 பேரிடம் 12 சூழல்களைக் கொடுத்து மறுப்பு எழுதச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் எழுதிய ஜப்பானியர்களும் தங்கள் தாய்மொழி வழக்கப்படியே மறுத்தார்கள், காரணங்களும் அமெரிக்கர்கள் சொன்னதைவிட மழுப்பலாக இருந்தன. தாய்மொழிப் பழக்கம் அவ்வளவு ஆழமானது. நம் பெண்களுக்கு அதோடு இன்னொன்றும் சேர்கிறது, 'முடியாது' என்று நேராகச் சொன்னாலே வாயாடி என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இலக்கணத்தை எத்தனை முறை நடத்தினாலும் இது சரியாகாது.

லீவ் லெட்டரும் நன்றி சொல்வதும் வருடக்கணக்கில் நடத்துகிறோம். மறுப்பதற்கு ஒரு பீரியட் ஒதுக்கக் கூடாதா? ஒரே ஒரு சாரி, ஒரு காரணம், 'ஐ காண்ட் கம் திஸ் சண்டே' என்று தெளிவாக ஒரு வரி. என் வகுப்பில் பெண்கள் இதை எழுந்து நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுகிறார்கள், பள்ளிகளிலும் செய்யுங்கள்.

- ஓர் ஆங்கிலப் பயிற்சியாளர், திண்டுக்கல்