அப்பாவுக்குக் கிடைத்த படுக்கை

எங்கள் புளோக் அக்கம்பக்கத்தாருக்கும், முகம் தெரியாத இன்னும் பலருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு 75 வயது. 2021லேயே சொல்லியிருக்க வேண்டிய நன்றியை இத்தனை நாள் தள்ளிப்போட்டுவிட்டேன்.

அந்த வருடம் கொவிட் டெல்டா அலையின் உச்சத்தில் அப்பாவுக்கு இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை. சிங்கப்பூரில் அக்டோபர் 27ஆம் தேதி மட்டும் 5,324 பேருக்குக் கிருமித்தொற்று. தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு நிறைந்துவிட்டன. மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தன. அப்பாவின் தேதியும் ஒருமுறை தள்ளிப்போனது. மறுபடி தொலைபேசி அடித்தபோது அம்மா எடுக்கவே இல்லை, நான்தான் எடுத்தேன். படுக்கை இருக்கிறது, வாருங்கள் என்றார்கள்.

அது எப்படிக் கிடைத்தது என்று எனக்கு விளங்க வைத்தவர் அங்கிருந்த ஒரு தாதி. பைபாஸ் முடிந்தவர், எல்லாம் நல்லபடியாகப் போனால், ஓரிரு நாளில் சாதாரண வார்டுக்குப் போய்விடுவார். கொவிட்டால் நுரையீரல் கெட்டு, செயற்கை சுவாசத்தில் இருப்பவர் இரண்டு மூன்று வாரம்கூடக் கிடப்பார். அவரைக் குப்புறப் புரட்டவே நாலைந்து பேர் வேண்டும். ஆக, ஒருவர் அங்கே வராமல் தப்பினால் அப்பாவைப் போல் பல பேருக்கு இடம். கட்டிலையாவது எங்கிருந்தாவது வாங்கிவிடலாம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளத் தெரிந்த தாதிக்கு எங்கே போவது?

அப்போது மக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் கொவிட் தடுப்பூசி இரண்டும் போட்டிருந்தார்கள். அதனால்தான் தொற்றியவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே குணமடைந்தார்கள். "ஊசி போட்டவனும்தானே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்" என்பார் எங்கள் மாமா. பத்தில் எட்டுப் பேர் போட்ட ஊரில் அவர்களும் வார்டில் இருக்கத்தானே செய்வார்கள்? போடாதவர்கள் சிறு கூட்டம், ஆனால் தீவிர சிகிச்சையில் அவர்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு இடம் பிடித்திருந்தார்கள். மாமாவுக்கு இந்தக் கணக்கு இன்றும் பிடிக்காது. சரி, அவரும் ஞாயிறு வருகிறார், அங்கே பேசிக்கொள்ளலாம்.

முதல் நன்றி பத்தாம் மாடி அக்காவுக்கு. தொண்டூழியராகக் கதவு கதவாகத் தட்டியவர். நாலாம் மாடி சீனப் பாட்டி பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தார். ஒருநாள் அக்கா ஊசிப் பேச்சையே எடுக்காமல் முறுக்கு மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் பாட்டியே சமூக மன்றத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பாட்டி, உங்களுக்கும் நன்றி. பயத்தோடு போட்டுக்கொண்டதுதான் பெரிது.

நடக்க முடியாத முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஊசி போட்ட குழுவினருக்கும், முகக்கவசத் தழும்போடு சிரித்த தாதியருக்கும் நன்றி.

வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதித் தம்பிகளே, உங்களுக்குச் சொல்லும்போது மட்டும் கூச்சமாக இருக்கிறது. நீங்களும் ஊசிக்குக் கையை நீட்டினீர்கள். ஆனால் அதற்குப் பிறகும் வெகுநாள் உங்களால் நினைத்தபடி வெளியே வர முடியவில்லை. நாங்கள் லிட்டில் இந்தியா தேக்காவில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

ஞாயிறு பகல் 12 மணி, கீழ்த்தளத்தில் பிரியாணி. ஹலால் கடையில்தான் சொல்லியிருக்கிறோம். ஊசி போட்ட கையைப் பிடித்துத்தான் நன்றி சொல்வேன் என்று அப்பா அடம்பிடிக்கிறார். எந்தக் கை என்று மறந்துபோயிருந்தால் இரண்டையும் நீட்டிவிடுங்கள்.

அன்புடன்,
அவர் மகள், ஈசூன்