கை என்று பயந்தோம், துடுப்பு என்று சொன்னீர்கள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன், கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒன்றைப் படம் எடுத்து, "இது என்னவென்று யாராவது சொல்லுங்களேன்" என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் அனுப்பியவன் நான்தான். விடை தெரிந்துவிட்டது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. நீங்கள் பட்ட பாட்டுக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டாமா?

அன்று கிடந்த கோலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தலை இல்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் நீண்ட முதுகெலும்பு, அதில் ஒட்டியும் ஒட்டாமலும் சில விலா எலும்புகள், அங்கங்கே வெள்ளை முடி போலத் தொங்கிய நார். நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். இரண்டடி தள்ளி, கிழிந்த தோலுக்கு வெளியே ஐந்து விரல்களாக எலும்புகள் விரிந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் கால் நடுங்கிவிட்டது. மனிதக் கை என்றே நினைத்தேன்.

நான் போனில் உளறியதைக் கேட்டுச் சிரிக்காமல் வந்து நின்ற காவலருக்கு முதல் நன்றி. அடுத்தது, அந்தக் காலை நேரத்தில் போனை எடுத்த கால்நடை மருத்துவருக்கு. படத்தைப் பார்த்தவர் பெயர் எதையும் சொல்லவில்லை. "இரண்டாவது விரலில் எத்தனை எலும்பு என்று எண்ணுங்கள், தொடாமல் எண்ணுங்கள்" என்றார். குந்தி உட்கார்ந்து எண்ணினேன். எட்டு. "நம் விரலில் மூன்றுதான், கட்டைவிரலில் இரண்டு. இது மனிதக் கை இல்லை, மூச்சு விடுங்க சார்" என்றார். பக்கத்தில் நின்ற காவலரும் சேர்ந்து மூச்சு விட்டார். நிலத்தில் நடந்த மூதாதையரிடமிருந்து வந்தவை என்பதால் திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் துடுப்புக்குள் இன்னும் கையெலும்புகள் இருக்கின்றன, விரல் எலும்புகள் மட்டும் எண்ணிக்கையில் கூடிவிட்டன என்பதை அவர் விளக்கியது அப்புறம்தான்.

கடல் பூதம், கழுத்து நீண்ட டைனோசர் என்றெல்லாம் எழுதிய நண்பர்களுக்கும் நன்றி. கேலிக்குச் சொல்லவில்லை. 1977இல் நியூசிலாந்துக் கடலில் ஜப்பானியக் கப்பல் ஒன்றின் வலையில் சிக்கிய உடலின் படத்தை உங்களில் ஒருவர் அனுப்பினார். சின்னத் தலை, நீண்ட கழுத்து, டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவான பிளீசியோசர் அப்படியே. அந்தப் படத்தால்தான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் பேச்சுக்குள் வந்தார். கப்பல்காரர்கள் உடலைக் கடலில் வீசிவிட்டாலும் துடுப்பிலிருந்து கொஞ்சம் நாரை எடுத்து வைத்திருந்தார்கள், சோதித்ததில் அது பாஸ்கிங் சுறாவின் நாரோடு ஒத்துப்போனது என்று எழுதினார். அந்தச் சுறா அழுகும்போது தாடையும் செவுள் பகுதியும் முதலில் கழன்று விழுந்துவிடும். மிச்சம் இருக்கும் சின்ன மண்டையும் முதுகெலும்பும்தான் நீண்ட கழுத்தாகத் தெரியும். நாங்கள் பார்த்த "முடி"யும் முடியே இல்லை, நைந்துபோன இணைப்புத் திசுவின் நார் என்றும் அவர்தான் சொன்னார்.

அப்படியானால் இதுவும் சுறாவா? அதைத் தீர்த்துவைத்தவர் நாற்பது வருடமாகக் கடலுக்குப் போய்வரும் பெரியவர். "சுறாவுக்கு ஏது தம்பி இந்த மாதிரி விலா? அதுக்கு உடம்பு பூரா குருத்தெலும்புதான்" என்றார். ஆவுளியாவாக, அதாவது கடல் பசுவாக இருக்குமோ என்று நான் இழுத்தேன். உடைந்த விலா ஒன்றின் முனையைக் காட்டினார். உள்ளே பஞ்சு மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள். ஆவுளியா விலா என்றால் கல்லு மாதிரி அடைத்துக்கொண்டு கனமாக இருக்குமாம். அதோடு, மணலில் சிதறிக் கிடந்த வட்டத் தகடுகளையும் பார்க்கச் சொன்னார். பிஸ்கட் அளவு, ஓரம் மெலிந்தவை. ஏதோ சிப்பி என்று அதுவரை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

அந்தத் தகடுகளின் படத்தைப் பார்த்துத்தான் கடல் பாலூட்டிகளை ஆராயும் பேராசிரியை ஒருவர் எனக்குப் போன் செய்தார். நல்ல திட்டு வாங்கினேன். இருபத்தேழு படம் அனுப்பியிருக்கிறாய், ஒன்றிலாவது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தாயா, ஒரு பேனாவாவது வைத்தாயா என்று கேட்டார். நியாயம்தான். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். அந்தத் தகடுகள் முதுகெலும்புக் கண்ணிகளின் இரு முனைகளிலும் இருப்பவை. வளர்ந்து முடிந்த விலங்கில் அவை கண்ணியோடு ஒன்றிப்போயிருக்கும். தனியாகக் கழன்று கிடக்கின்றன என்றால் இது வளரும் வயதுக் குட்டி.

"வேறு ஏதாவது எடுத்தாயா?" என்று கேட்டார். எடுத்திருந்தேன். வழவழப்பாக, சங்குத் துண்டு மாதிரி இருந்த ஒன்று சட்டைப்பைக்குள் கிடந்தது. அளவுக்கு மீறிய கனம். படத்தை அனுப்பியதும் அவர் குரலே மாறிவிட்டது. அது காதெலும்பு. டால்பினுக்குக் காதெலும்பு மண்டையோடு இறுக ஒட்டியிருக்காது, அழுகும்போது தனியே விழுந்துவிடும். உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்பு என்பதால் சிதையாமல் கிடக்கும், அதன் வடிவத்தை வைத்தே எந்த வகை என்று நெருங்கிவிடலாம். "இப்போதே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, கடல் பாலூட்டிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு" என்றார். பல நாடுகளில் இதை வைத்திருப்பதே குற்றம் என்றும் சொன்னார். அன்று மாலையே அலுவலர்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

திசு மாதிரி எடுத்தபோது ஃபார்மலின் பாட்டிலோடு ஓடிவந்த இளைஞருக்கும், "ஃபார்மலின் வேண்டாம், மரபணு கெட்டுவிடும், எத்தனாலில் போடுங்கள்" என்று போனிலேயே அவரைத் தடுத்த பேராசிரியைக்கும் சேர்த்தே ஒரு நன்றி. 2003இல் சிலி நாட்டுக் கரையில் ஒதுங்கிய பெரிய சதைக் குவியலை ராட்சத ஆக்டோபஸ் என்று பலர் நம்ப, மரபணுச் சோதனைதான் அதை ஸ்பெர்ம் திமிங்கிலம் என்று காட்டியது. நம்முடையதற்கும் அதே சோதனை. போன வாரம் முடிவு வந்தது: பாட்டில்மூக்கு டால்பின்.

எப்படிச் செத்தது என்று பலர் கேட்கிறீர்கள். இவ்வளவு அழுகிய உடலில் அதைச் சொல்ல முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். வயதைக் கேட்டவள் ஒருத்திதான், ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண். டால்பின் பல்லை அறுத்துப் பார்த்தால், மரத்தில் இருப்பதுபோல வருடத்துக்கு ஒரு வளையம் தெரியுமாம். தலையே இல்லாதபோது பல்லுக்கு எங்கே போவது? அவள் விடுவதாயில்லை. தினமும் காலையில் அந்த இடத்தைச் சுற்றி வருகிறாள். பல் கிடைத்தாலும் கையால் எடுக்கக் கூடாது, படம் மட்டும் எடுக்க வேண்டும் என்று சொல்லி என் பழைய ஸ்கேலை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ஸ்கேல் வைக்காமல் படம் எடுத்தவன்